பழுதுக்குறி படித்தல்

நுழையும்முன்

எந்திரம் பழுதானால் முன்பு அதன் ஓசையைக் கேட்டனர். இன்று அது திரையில் காட்டும் எண்ணைப் படிக்கின்றனர். எண்ணைப் படிப்பது எளிது. அதன் பொருளைப் படிப்பது எளிதன்று. துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளரை உயரத்திற்கு ஏற்றிச் செல்லும் மேன்லிஃப்ட் எந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழுதுக்குறிகளைப் பொருளறிந்து படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. இலக்கண வகுப்பில் கற்ற சில செய்திகள் இங்கு எதிர்பாராத வகையில் துணைக்கு வருகின்றன.

வடசென்னையும் எந்திரங்களும்

இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலையொட்டி நீளும் நிலப்பரப்பு எந்திரங்களோடு நெடுங்காலம் பழகியது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, எண்ணூரில் சரக்குந்துகளையும் பேருந்து அடிச்சட்டங்களையும் உருவாக்கியது. அதே 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் பிறந்தன. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு எண்ணூரில் எழுந்த துறைமுகம் 2001இல் செயற்பாட்டுக்கு வந்தது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தொடர்வண்டித் தடம் நீண்டது. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரே அவ்விடத்திற்கு ஊர்ப்பெயராகி நிற்பது இப்பகுதியின் இயல்பைக் காட்டும்.

இத்தகைய இடங்களில் பணி தரையோடு முடிவதில்லை. சரக்குப்பெட்டி முற்றத்தின் விளக்குக் கம்பங்கள், நிலக்கரியைச் சுமந்து செல்லும் வார்ப்பட்டைகளின் உயர்ந்த பாதைகள், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய் அடுக்குகள், பளுதூக்கிகளின் மேற்சட்டங்கள் என எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன. அவற்றை அடையச் சவுக்குக் கம்புகளைக் கட்டிச் சாரம் அமைத்தது பழைய முறை. இன்று பல இடங்களில் அப்பணியைச் செய்வது மேன்லிஃப்ட்.

சக்கரங்களின் மேல் ஓர் அடித்தளம். அதன்மேல் சுழலும் மேடை. மேடையிலிருந்து நீண்டும் மடங்கியும் எழும் 'பூம்' எனப்படும் இரும்புக் கை. கையின் நுனியில் ஒருவரோ இருவரோ நிற்கும் கூடை. இவ்வளவே அதன் வடிவம். டீசல் எஞ்சின் ஓர் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுகிறது. அந்த எண்ணெயின் அழுத்தமே கையை உயர்த்துகிறது. எந்திரத்தை இயக்கும் பொத்தான்கள் கூடையில் ஒரு தொகுதி, தரையில் ஒரு தொகுதி என இரண்டு இடங்களில் இருக்கும்.

20 மீட்டர் உயரத்தில் ஒருவர் நின்று பணியாற்றும்போது எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? சாலையில் நின்றுபோன சரக்குந்தின் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கிவிடலாம். கூடையில் நிற்பவர் இறங்க இயலாது. எனவே மின்கலத்தால் இயங்கும் சிறிய துணைப் பம்பு ஒன்றை எந்திரத்தில் வைத்திருக்கின்றனர். அதனைத் தரையிலிருந்து இயக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் கீழே இருத்தல் வேண்டும். பழுதைத் தேடுவது, கூடையில் இருப்பவர் தரையில் கால் ஊன்றிய பிறகே. இந்த வரிசையை மாற்றுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

காதிலிருந்து கண்ணுக்கு

திருப்புளியின் முனையை எஞ்சினின்மீது ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே எந்தத் தாங்கி தேய்ந்துள்ளது என்று சொல்லும் மெக்கானிக்குகளைப் பட்டறைகளில் இன்றும் காணலாம். புகையின் நிறம், எண்ணெயின் மணம், தொட்டால் உணரும் சூடு ஆகியவையும் அவர்களுக்குச் சான்றுகளே. அந்த அறிவு காலாவதியாகிவிட்டது என்று கருதுவது தவறு. அதனோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது என்பதே சரி.

சேர்ந்துகொண்டது மின்னணுக் கட்டுப்பாட்டகம். எஞ்சினின் பல பகுதிகளில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பம், அழுத்தம், சுழற்சி ஆகியவற்றை மின்னழுத்தமாக மாற்றி அதற்கு அனுப்புகின்றன. பட்டறை வழக்கில் உணரியைச் சென்சார் என்பர். கட்டுப்பாட்டகம் அவ்வளவுகளைக் கொண்டு எவ்வளவு டீசலை எப்போது செலுத்துவது என்று முடிவு செய்கிறது. வாகனத்திற்குள் உள்ள பல கட்டுப்பாட்டகங்கள் தமக்குள் பேசிக்கொள்ள, முறுக்கிய இரண்டு கம்பிகளாலான 'கேன்' என்னும் வழியைச் செருமனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. புகையைக் குறைக்கும் விதிகள் கடுமையானபோது இம்முறை எங்கும் பரவியது. இந்தியச் சாலை வாகனங்களுக்குப் பாரத் ஆறாம் நிலை விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த இருசக்கர வண்டிகளின் முகப்பிலும் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கு ஒன்று இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சரக்குந்திலும் மேன்லிஃப்டிலும் அதே விளக்கு உண்டு. உணரியிலிருந்து வரும் அளவு இயல்புக்கு மாறாக இருந்தால், கட்டுப்பாட்டகம் அவ்விளக்கை எரியச் செய்து, ஓர் எண்ணையும் நினைவில் எழுதி வைக்கிறது. அதுவே பழுதுக்குறி.

பழைய எந்திரங்கள் சிலவற்றில் திரை இராது. விளக்கு இருமுறை மின்னி, சற்று நின்று, மீண்டும் இருமுறை மின்னினால் 22 என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியவற்றில் எண் திரையிலேயே தோன்றும். அல்லது ஸ்கேனர் கருவியை இணைத்துப் பார்க்கலாம்.

குறி ஒரு தொடர்

கனரக எந்திரங்கள் பலவற்றின் பழுதுக்குறி 'ஜே 1939' என்னும் பொதுத்தரத்தைப் பின்பற்றுகிறது. அது மூன்று எண்களால் ஆனது. 110 – 3 – 14 என ஒரு குறி தோன்றுகிறது என்று கொள்வோம். முதல் எண் எதைப் பற்றிய பேச்சு என்பதைச் சொல்லும். 110 என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம். இரண்டாம் எண் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும். 3 என்பது மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட மிகுந்துள்ளது என்பதாம். மூன்றாம் எண், இது பதினான்கு முறை நேர்ந்துள்ளது என்கிறது.

முதல் எண் எழுவாய். இரண்டாம் எண் பயனிலை. எழுவாயை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்பவர் செய்தியை அறிய மாட்டார். ஆயினும் "என்ன குறி?" என்று கேட்டால் "நூற்றுப்பத்து" என்று மட்டும் விடை சொல்வது வழக்கமாக இருக்கிறது. பயனிலை மாறினால் பொருள் அடியோடு மாறும். 110 – 0 என்றால் நீர் உண்மையாகவே அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். 110 – 3 என்றால் நீர் கொதிக்கவில்லை. அளக்கும் மின்சுற்றில்தான் கோளாறு. முன்னதைப் பின்னதாக எண்ணினால் எஞ்சின் கெடும். பின்னதை முன்னதாக எண்ணினால் நல்ல நிலையிலுள்ள நீர்ப் பம்பைக் கழற்றி ஒரு நாளை வீணாக்குவோம்.

குறிகளுக்குக் காலமும் உண்டு. இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கும் பழுது ஒரு பட்டியலிலும், முன்பு நிகழ்ந்து இப்போது இல்லாத பழுது இன்னொரு பட்டியலிலும் இருக்கும். இறந்தகாலக் குறியை நிகழ்காலமாகப் படித்து அலைந்தவர் பலர்.

தெரிந்து தெளிவோம்

குறியின் இரண்டாம் எண்ணுக்கு ஐந்து இரும இலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே அது 0 முதல் 31 வரை மட்டுமே அமையும். 0 இயல்பைவிட மிகுதி. 1 இயல்பைவிடக் குறைவு. 2 நிலையின்றி மாறும் அளவு. 3 மின்னழுத்தம் மிகுதி. 4 மின்னழுத்தம் குறைவு. 5 மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்த நிலை. இந்த ஆறையும் நினைவில் கொண்டால் களத்தில் எதிர்ப்படும் குறிகளில் பலவற்றைப் படிக்கலாம்.

ஊர் சிரித்தது

'ஊர் சிரித்தது' என்பதை இடவாகுபெயருக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருக்கிறோம். ஊர் சிரிக்காது, ஊரில் உள்ளோர் சிரித்தனர். இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ளவர்க்கு ஆகி வந்தது. பழுதுக்குறியும் இத்தகையதே. 'குளிர்நீர் வெப்ப உணரி' என்று அது சொல்லும்போது, அந்த உணரி, அதிலிருந்து புறப்படும் கம்பிகள், கம்பிகளை இணைக்கும் கனெக்டர்கள், கட்டுப்பாட்டகத்தின் வாயில் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஊரையே அது குறிக்கிறது. அவ்வூரில் சிரித்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதற்குத் தெரியவும் தெரியாது. அதற்குத் தெரிவது தன் வாயிலுக்கு வந்து சேர்ந்த மின்னழுத்தம் மட்டுமே.

இம்முறையை வகுத்தவர்கள் இதனை அறிந்தே பெயரிட்டனர். முதல் எண்ணுக்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஐயத்திற்குரிய அளவின் எண்' என்றாகும். குற்றம் செய்தது என்று அவர்கள் கூறவில்லை. ஐயத்திற்குரியது என்றே கூறினர். தமிழில் நோய்க்கும் நோய்முதலுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. குறி நோயைக் காட்டுகிறது. நோய்முதலை நாம்தான் தேட வேண்டும்.

தேடும் வகையைப் பார்ப்போம். குளிர்நீர் வெப்ப உணரி ஓர் எளிய மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். கட்டுப்பாட்டகம் ஒரு கம்பியில் 5 வோல்ட்டை ஒரு நிலையான தடையின் வழியே அனுப்பி, உணரிக்குச் செல்லும் முனையில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்க்கிறது. கம்பி அறுந்துவிட்டால் மின்னோட்டம் இல்லை. 5 வோல்ட் அப்படியே நிற்கும். குறி 110 – 3. கம்பி உரசித் தேய்ந்து எந்திரத்தின் உடலைத் தொட்டால், அதாவது பட்டறை மொழியில் 'எர்த்' ஆகிவிட்டால், மின்னழுத்தம் சுழியாகும். குறி 110 – 4.

இப்போது 110 – 4 தோன்றியுள்ளது. உணரி கெட்டதா, கம்பி கெட்டதா? உணரியின் கனெக்டரைக் கழற்றிவிட்டுக் குறியை மீண்டும் படிக்க வேண்டும். அது 110 – 3 என மாறினால், கம்பியும் கட்டுப்பாட்டகமும் சரியாகவே உள்ளன. அறுந்த நிலையை அவை சரியாக உணர்ந்து சொல்கின்றன. எனவே உணரியே கெட்டது. மாறாமல் 4 ஆகவே நின்றால், உணரி குற்றமற்றது. கம்பியைத் தேட வேண்டும். புதிய உணரி வாங்காமல், பெரும்பாலும் எந்தக் கருவியும் இல்லாமல், சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. எனினும் பலர் முதலில் உணரியை மாற்றுகின்றனர். குறி போகவில்லையெனில் கட்டுப்பாட்டகத்தையே மாற்ற எண்ணுகின்றனர். பொருளின் விலை ஒருபுறம் இருக்கட்டும். பழுது தீர்ந்தது என்ற நம்பிக்கையோடு ஒருவர் மீண்டும் கூடையில் ஏறுகிறாரே, அதுதான் கவலைக்குரியது.

ஒரே நேரத்தில் மூன்று குறிகள் தோன்றினால் மூன்று உணரிகளும் ஒன்றாகக் கெட்டன என்று கொள்ளுதல் அரிதாகவே சரியாகும். எண்ணெய் அழுத்தம் 100, எரிபொருள் குழாய் அழுத்தம் 157 ஆகிய இரண்டும் 4 என்னும் பயனிலையோடு சேர்ந்து வருகின்றன எனில், அவற்றுக்குப் பொதுவானது எது என்று கேட்க வேண்டும். பல எஞ்சின்களில் அவை ஒரே 5 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அக்கம்பிக்கென்று 3509 என்னும் எண் தனியே உண்டு. அதுவும் பட்டியலில் இருந்தால் ஐயம் உறுதியாகிறது. எங்கோ ஓரிடத்தில் அந்த ஒற்றைக் கம்பி உரசியிருக்கிறது. உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது மற்றவை உயிர்பெறுகின்றனவோ அந்தக் கிளையில் பழுது இருக்கிறது.

கடற்காற்றும் களிம்பும்

உலகெங்கும் ஒரே குறியேடு வழங்கினாலும் பழுதுக்கான காரணம் ஊருக்கு ஊர் மாறும். வடசென்னையில் முதலில் ஐயுற வேண்டியது கடற்காற்று. உப்பு ஈரம் கனெக்டருக்குள் புகுந்து செம்பு முனைகளில் பச்சை நிறக் களிம்பைப் படிய வைக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கில் நாம் காணும் அதே களிம்புதான். ஆனால் இங்கு அது மின்னோட்டத்திற்குத் தடையாகிறது. அத்தடை சிறியதாயினும் விளைவு பெரிது. 0.2 ஓம் தடையின் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் இழப்பாகும். 12 வோல்ட் வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டே கிடைக்கும். மல்டிமீட்டரோ மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வது. ஆகவே சுமையில்லாத கம்பியில் அதை வைத்தால் 12 என்றே காட்டும், பழுது ஒளிந்துகொள்ளும். பழைய மெக்கானிக்குகள் இதற்காகவே ஒரு வாகன விளக்கில் இரண்டு கம்பிகளை இணைத்து வைத்திருப்பர். விளக்கு மங்கலாக எரிந்தால் வழியில் தடை உள்ளது. மல்டிமீட்டர் ஏமாறும் இடத்தில் இந்த டெஸ்ட் லாம்ப் ஏமாறுவதில்லை.

எண்ணூரில் நிலக்கரித் துகள் இதனோடு சேர்கிறது. அது காற்று வடிகட்டியை அடைப்பதோடு, கம்பிக் கட்டுகளின் உறைக்குள் புகுந்து, எந்திரம் அதிரும்போதெல்லாம் கம்பியைத் தேய்க்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேறொரு குறி அடிக்கடி தலைகாட்டக்கூடும். அது 97: எரிபொருளில் நீர். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்தால் குறி மறையும். மறுவாரம் மீண்டும் வந்தால்? நீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டீசல் பீப்பாயை மழையில் நிமிர்த்து வைத்தால் அதன் தலைப்பில் நீர் தேங்கும். இரவில் பீப்பாய் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, தளர்ந்த மூடியின் வழியே அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். இங்கு நோய்முதல் எந்திரத்தில் இல்லை, கிடங்கில் இருக்கிறது.

கை நீளும்போதும் மடங்கும்போதும் அதனுள் செல்லும் கம்பிகளும் நீண்டு மடங்குகின்றன. ஆதலால் சில பழுதுகள் கை ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டுமே தோன்றி மறையும். இவ்வகைப் பழுதுக்குக் கேன் வழியை அளந்து பார்த்தல் உதவும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் இடையே அளந்தால், பக்க இணைப்பின் விதிப்படி 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்து போயிற்று. சுழியை நெருங்கினால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. இயற்பியல் வகுப்பில் போட்ட கணக்கு இங்கு ஒரு கோடி ரூபாய் எந்திரத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்க உதவுகிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

எஞ்சின் சொல்வதும் எந்திரம் சொல்வதும்

மேன்லிஃப்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுப்பாட்டகங்கள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கவனிப்பது. மற்றது கூடை, கை, சரிவு, எடை ஆகியவற்றைக் கவனிப்பது. எஞ்சின் இயங்க மறுத்தால் உடனே எஞ்சினைத் திறப்பது பிழை. கூடையிலுள்ள சிவப்பு நிறுத்தப் பொத்தான் அழுந்திக் கிடக்கலாம். தரையிலுள்ள சாவி தவறான பக்கம் திரும்பியிருக்கலாம். அந்நிலையில் எஞ்சின் நலமாகவே உள்ளது; அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அவ்வாறே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கை மட்டும் உயர மறுத்தால், தளம் சரிந்துள்ளது என்று சரிவு உணரி சொல்லியிருக்கலாம். கூடையில் எடை மிகுந்திருக்கலாம்.

சரிவு உணரியின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து அதன் வாயை அடைத்துவிடும் வழக்கம் சில களங்களில் உண்டு. 'டைரக்ட் பண்ணிட்டேன்' என்று அதனைச் சொல்வர். வேலை அன்று முடிந்துவிடும். மறுநாள் மழையில் இளகிய தரையில் ஒரு சக்கரம் அமிழும்போது, கூடையில் நிற்பவரை எச்சரிக்க எதுவும் இராது. நீண்ட கையின் அடியில் ஏற்படும் சில பாகைச் சரிவு, நுனியில் பல அடி இடப்பெயர்ச்சியாகும். அந்தத் துண்டுக் கம்பியை இட்டவர் தரையில்தான் இருப்பார்.

குறியை எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடுவது இதற்கு அடுத்த பிழை. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கடந்தகாலக் குறிகள் எல்லாம் நீங்கும். அவற்றோடு சான்றுகளும் நீங்கும். எந்தக் குறி, எந்தப் பயனிலை, எத்தனை முறை, கை எந்த நிலையில் இருந்தது, மழை பெய்ததா, எஞ்சின் சூடாக இருந்ததா என்பவற்றை முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பின்னர்ப் பழுது நீக்கி, குறியை அழித்து, கூடையில் ஆளில்லாமல் தரைப் பொத்தான்களால் கையை முழுதும் நீட்டி மடக்கிப் பார்க்க வேண்டும். குறி திரும்பி வரவில்லையெனில், என்ன செய்து சரியாயிற்று என்பதை எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்ட பிறகே எந்திரம் பணிக்குச் செல்லலாம். அடுத்த பணிமுறையில் வருபவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கற்பவை கற்றபின்

1. 100 – 1, 100 – 4 ஆகிய இரண்டு குறிகளையும் தமிழ்த் தொடர்களாக எழுதுக. இவற்றுள் எதற்கு எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்? காரணம் கூறுக.

2. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, எந்திர உறுப்புகளுக்கும் பழுதுகளுக்கும் அங்கு வழங்கும் சொற்களைத் தொகுக்க. அவற்றுள் தமிழ்ச் சொற்கள், பிறமொழிச் சொற்கள், ஆகுபெயராக வழங்குபவை எவை என வகைப்படுத்துக.

3. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் பழுதான பொருளொன்றின் நோயையும் நோய்முதலையும் பிரித்து ஒரு பக்க அளவில் எழுதுக.